பின்னலாடை நகரின் பதிவேடு

நுழையும்முன்

ஒரு பனியன் நம் உடலுக்கு வந்து சேருமுன் பல கைகளையும் பல கூடங்களையும் கடந்து வருகிறது. அது கடந்த வழியை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஒரு காலத்தில் கணக்கப்பிள்ளையின் நினைவாற்றலும் நீளக் கணக்கேடும் சுமந்த அப்பணியை இன்று கணினிகளும் வலையமைப்புகளும் ஏற்றுள்ளன. அந்த மாற்றத்தையும், அதனால் விளைந்த நன்மைகளையும் சிக்கல்களையும் திருப்பூரை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

ஊரே ஓர் ஆலை

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூரில் 1920களில் பனியன் பின்னும் தொழில் காலூன்றியது. உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியன்களை அனுப்பிக்கொண்டிருந்த ஊரை, 1970களின் இறுதியில் இத்தாலி நாட்டு வணிகர்கள் தேடி வந்தனர். ஏற்றுமதி வளர்ந்தது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. 1997இல் பின்னலாடை வடிவமைப்புக்கென்றே ஒரு கல்லூரி எழுந்தது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று.

இவ்வூரின் தொழிலமைப்பு தனித்தன்மை உடையது. பஞ்சு ஒரு வாயில் வழியாக நுழைந்து ஆடையாக மறுவாயில் வழியாக வெளியேறும் ஒரே பெரிய ஆலையை இங்கு அரிதாகவே காணலாம். நூற்பாலையிலிருந்து வரும் நூல் நிட்டிங் கூடத்திற்குச் செல்கிறது. அங்குத் துணியாகி, சாயப்பட்டறைக்குப் போகிறது. பின்னர்க் காம்பாக்டிங் செய்யுமிடம், வெட்டும் மேசை, அச்சிடும் கூடம், தைக்கும் கூடம், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பயணம் தொடர்கிறது. இவற்றுள் பல பணிகள் வெவ்வேறு உரிமையாளர்களின் கூடங்களில் கூலிக்குச் செய்து தரப்படுகின்றன. 'ஜாப் ஒர்க்' என்னும் சொல் திருப்பூரின் அன்றாடத் தமிழில் கலந்துவிட்ட காரணம் இதுவே. ஊரே ஓர் ஆலை. அதன் தெருக்களே அந்த ஆலையின் நடைபாதைகள் என்று கூறினும் பொருந்தும்.

இத்தகைய அமைப்பில், துணி எங்கே இருக்கிறது என்பதை அறிவதே முதல் சிக்கல். ஏற்றுமதி நிறுவனத்தின் பொருள் அதன் சுவர்களுக்குள் இருப்பதைவிட வெளியே இருப்பதே மிகுதி. எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ, எந்த நிறம், என்று திரும்பும் என்பவற்றுக்கு விடை தெரியாவிட்டால், கப்பலேறும் நாள் தவறிவிடும். நாள் தவறிய சரக்கை விமானத்தில் அனுப்பினால் அவ்வாணையின் ஆதாயம் முழுவதும் கட்டணத்திலேயே கரைந்துவிடக்கூடும். எனவே இங்குத் தகவல் என்பது தொழிலுக்குத் துணைநிற்கும் ஒன்று மட்டுமன்று. நூலைப் போலவே அதுவும் ஒரு மூலப்பொருள்.

லாட் எண் சொல்லும் கதை

சாயத்தொட்டியில் ஒருமுறை இடப்படும் துணியின் தொகுதியை 'லாட்' என்பர். ஒரே சாயம், ஒரே அளவு, ஒரே வெப்பநிலை என்று கருதிச் செய்தாலும், இரண்டு லாட்டுகளின் நிறம் நூலிழையளவு வேறுபடுவதுண்டு. முன்பக்கத்தை ஒரு லாட்டிலும் கையை மற்றொரு லாட்டிலும் வெட்டித் தைத்தால், நிழலில் ஒன்றாகத் தெரிவது வெயிலில் இருநிறமாகிவிடும். வாங்குபவர் அதனை ஏற்கமாட்டார். ஆதலால் லாட் எண் துணியை விட்டு ஒருபோதும் பிரியக்கூடாது. வெட்டிய துண்டுகள் ஒவ்வொன்றிலும் எண் ஒட்டப்படுகிறது. துண்டுகள் கட்டுகளாகக் கட்டப்பட்டு, கட்டுக்கு ஒரு சீட்டு இணைக்கப்படுகிறது. முன்பு பேனாவால் எழுதப்பட்ட அச்சீட்டில் இப்போது பட்டைக்குறி அச்சிடப்படுகிறது. ஒவ்வொரு நிலையிலும் அதனைக் கருவியால் வருடும்போது, எந்தக் கட்டு, எந்தப் பணி, யார் கையில், எத்தனை மணிக்கு என்னும் நான்கு செய்திகள் நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்று பதிவாகின்றன.

வழங்கியில் அவை எவ்வாறு அடுக்கப்படுகின்றன என்பது அறிய வேண்டிய ஒன்று. 1970இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர், தரவுகளைத் தொடர்புடைய அட்டவணைகளாகச் சேமிக்கும் முறையை வகுத்தார். அதன் உயிர்நாடி எளியது: ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுத வேண்டும், வேண்டிய இடங்களில் எல்லாம் அதனைச் சுட்ட வேண்டும். வாங்குபவரின் முகவரியை ஆணைத்தாளில் ஒருமுறை, பேக்கிங் பட்டியலில் ஒருமுறை, விலைப்பட்டியலில் ஒருமுறை எனத் தனித்தனியே எழுதினால், முகவரி மாறும் நாளில் மூன்றில் ஒன்று பழையதாகவே நின்றுவிடும். பழைய கணக்கேடுகளில் நேர்ந்த பிழைகள் பலவற்றின் வேர் இதுவே. கணினி வந்த பின்னரும், ஒவ்வொரு பிரிவும் தனித்தனி விரிதாள் வைத்துக்கொண்டால் அதே பிழை வேகமாக நேரும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சிறு எண் ஒன்று தவறினால் விளைவது என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பனியனுக்கு 200 கிராம் துணி வீதம், ஒரு லட்சம் பனியன்களுக்கு 20,000 கிலோ முடிந்த துணி தேவை எனக் கொள்வோம். சாயமிடும்போதும் பிற பணிகளின்போதும் எடையில் 8 விழுக்காடு குறையும் எனில், வாங்க வேண்டிய நூல் ஏறத்தாழ 21,740 கிலோ. அக்குறைவை 5 விழுக்காடு என்று தவறாகப் பதிந்துவிட்டால், கணினி 21,053 கிலோ போதும் என்று கூறும். கணினி பொய் சொல்லவில்லை; கொடுத்த எண்ணை அப்படியே வகுத்துத் தந்தது. ஆனால் முடிவில் 630 கிலோவுக்கு மேல் துணி குறையும். அஃதாவது 3,150க்கும் மேற்பட்ட பனியன்கள் வெட்டப்படாமல் நிற்கும். அந்தச் சிறுகுறையை நிரப்ப மீண்டும் நூல் வாங்கி, பின்னி, சாயமிட்டால் வருவது புதியதொரு லாட். நிறம் பொருந்துமா என்னும் அச்சம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

மின்தடையும் இவ்வூருக்குப் புதியதன்று. 2011 முதல் 2013 வரையிலான ஆண்டுகளில் தமிழகம் எங்கும் நிலவிய கடும் மின்வெட்டைத் தொழிற்கூடங்கள் மின்னாக்கிகளைக் கொண்டே கடந்தன. கிடங்கின் கணக்கிலிருந்து 500 கிலோ துணியைக் கழித்து, வெட்டும் பிரிவின் கணக்கில் கூட்ட வேண்டும். கழித்த பின், கூட்டும் முன், மின்சாரம் நின்றுவிட்டால் அந்தத் துணி எங்கே போயிற்று? எந்தப் பிரிவிலும் இல்லாத மாயத்துணி ஆகிவிடும் அல்லவா? இதற்காகவே தரவுத்தளங்கள் ஒரு நெறியைக் கடைப்பிடிக்கின்றன. இரண்டு செயல்களும் ஒன்றாக நிறைவேற வேண்டும். இல்லையேல் இரண்டுமே நடவாதவையாகக் கருதப்பட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வங்கியில் பணம் மாற்றும்போதும் காப்பது இந்நெறியே.

தெரியுமா?
துணிக்கும் கணினிக்கும் உள்ள உறவு இருநூறு ஆண்டுப் பழைமை உடையது. பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு, 1804இல் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறியை உருவாக்கினார். துளை இருந்தால் இழை உயரும், இல்லையேல் உயராது. அந்த அட்டைகளைச் சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப்பொறிக்குத் திட்டமிட்டார். 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளைக் கொண்டே எண்ணினார். நிலவுக்குச் சென்ற அப்போலோ விண்கலத்துக் கணினியின் நினைவகத்தையும் பெண்கள் கம்பிகளைக் கோத்தே உருவாக்கினர். காந்த வளையத்தின் ஊடே சென்ற கம்பி 1. வளையத்திற்கு வெளியே சென்ற கம்பி 0.

புலி முத்திரையும் மின் முத்திரையும்

காவிரிப்பூம்பட்டினத்தின் சுங்கச் சாவடியில், ஏறும் பொதிகளின் மீதும் இறங்கும் பொதிகளின் மீதும் சோழரின் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. முத்திரை என்பது ஒரு செய்தி: இப்பொதி எண்ணப்பட்டது; வரி கணக்கிடப்பட்டது; இனி எவரும் திறத்தலாகாது. திருப்பூருக்கு அண்மையில், நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் தமிழி எழுத்துகளில் பெயர் கீறப்பட்ட பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. நூல் நூற்கும் தக்களியும் அங்கே கிடைத்தது. பொருளோடு பெயரை இணைத்து வைக்கும் வழக்கம் இந்த ஆற்றங்கரைக்குப் புதியதன்று.

இன்று தூத்துக்குடியின் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் நோக்கிப் புறப்படும் சரக்குப்பெட்டகத்தின் கதவில் இடப்படுவது மின் முத்திரை. 2017இல் இந்திய அரசின் சுங்கத்துறை இதற்கான நடைமுறையை அறிவித்தது. ஏற்றுமதியாளர் தம் கூடத்திலேயே பெட்டகத்தை அடைத்து, வானொலி அலைகளால் படிக்கத்தக்க சில்லு பொருந்திய முத்திரையை இடுகிறார். முத்திரை எண்ணும் கப்பல் சரக்குப் பட்டியலின் எண்ணும் இணையவழியே சுங்கத்துறைக்குச் செல்கின்றன. துறைமுக வாயிலில் கருவி அச்சில்லைப் படிக்கிறது. இரண்டும் பொருந்தி, முத்திரையும் சிதையாமல் இருந்தால், பெட்டகத்தைத் திறந்து பார்க்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

இந்நிலைக்கு வந்த வழி நீண்டது. ஏற்றுமதியின் தொடக்கக் காலத்தில் தந்தியும் டெலக்ஸுமே கடல் கடந்த செய்திக்கு வழி. பின்னர்த் தொலைநகல் வந்தது. 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அக்காலத்தில் எந்த நாட்டுக்கு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்பதை நாடுகளுக்கிடையேயான ஒதுக்கீட்டு முறை வரையறுத்தது. 2005 ஜனவரி 1 அன்று அம்முறை முற்றிலும் நீங்கியது. ஒதுக்கீட்டை வைத்திருந்தவருக்கே வணிகம் என்ற நிலை போய், குறித்த நாளில் குறித்த தரத்தில் தருபவருக்கே வணிகம் என்ற நிலை வந்தது. கணினி வலையமைப்பு வசதி என்பதிலிருந்து கட்டாயம் என்பதற்கு மாறியது அதன் பிறகே எனலாம்.

வரிமுறையும் அம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச்சீட்டு கட்டாயமாயிற்று. அவ்வாண்டு ஜூன் 2 முதல் தமிழகத்திற்குள்ளும் அம்முறை வந்தது. சீட்டின் பன்னிரண்டு இலக்க எண், வண்டியோட்டியின் கையில் இருக்கும்போதே அரசின் வழங்கியிலும் இருக்கும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. திரும்பவில்லையெனில், அனுப்பிய நாளிலேயே விற்கப்பட்டதாகக் கருதி வரி கேட்கப்படும். முன்பு நம்பிக்கையின் பேரில் துண்டுச்சீட்டோடு சென்ற துணி, இப்போது எண்ணோடு செல்கிறது. பத்துப் பவர் டேபிள்களை வைத்துத் தொழில் நடத்தும் சிறு உரிமையாளருக்கு இது எளிய சுமை அன்று. கணினியும் கணக்காளரும் அவருக்குப் புதிய செலவுகள். பெரிய நிறுவனத்துக்குக் கிடைத்த பயன் முழுவதும் அவருக்கும் கிடைத்தது என்று சொல்வதற்கில்லை.

நொய்யலின் கணக்கு

பதிவேடு வணிகத்திற்கு மட்டும் உரியதன்று. சாயக்கழிவு நொய்யலில் கலந்ததால் ஆறும், 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையும், அதன் கீழுள்ள வேளாண் நிலங்களும் கெட்டன. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைகள் நின்றன, நூற்றுக்கணக்கான கூடங்களும் அவற்றை நம்பிய குடும்பங்களும் தவித்தன. கழிவுநீரைத் தூய்மை செய்து, உப்பைப் பிரித்து, நீரை மீண்டும் பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதன்பின் வலுப்பெற்றன.

ஆனால், நிலையம் இயங்குகிறதா என்பதை எவ்வாறு அறிவது? அதிகாரி வரும் நாளில் மட்டும் இயங்கும் எந்திரத்தால் ஆற்றுக்குப் பயனில்லை. உள்ளே வரும் நீரின் அளவையும் மீட்கப்பட்ட நீரின் அளவையும் ஓட்டமானிகள் இடைவிடாது அளந்து, அவ்வெண்களை வலையமைப்பு வழியே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு அனுப்பும் முறை இதற்காகவே வந்தது. 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாசு மிகுந்த தொழில் வகைகள் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று பணித்தது. கழிவுநீரை வெளியேற்றாத ஆலைகளுக்கு ஓட்டமானிகளுடன் கண்காணிப்புப் படக்கருவியும் வேண்டப்பட்டது. வந்த நீருக்கும் மீண்ட நீருக்கும் இடையே விளக்க முடியாத வேறுபாடு தோன்றினால், அது கேள்வி ஆகிறது. எந்திரத்தைப் பொருத்துவது மட்டும் போதாது. மானியைச் சரிபார்ப்பவரும், வரும் எண்களைப் படிப்பவரும் வேண்டும். எவரும் திறந்து பாராத தரவு, எழுதப்படாத தரவுக்குச் சமம்.

சேமித்தலும் இழத்தலும்

1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சேமிப்பகம் ஏறத்தாழ ஒரு டன் எடையுடையது. அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே. இன்று மாணவர் ஒருவரின் கைப்பேசியில் எடுக்கப்படும் ஒரே படம் அந்த இடத்தை நிரப்பிவிடும். இடம் பெருகிவிட்டது; ஆனால் இழப்பின் அச்சம் குறையவில்லை.

2017 ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் பெரிதும் தாக்கப்பட்டது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையமும் செயலிழந்தது. பெட்டகங்கள் வாயிலில் தேங்கின. அந்நிறுவனத்தின் பயனர்களையும் கணினிகளையும் அடையாளம் காணும் முதன்மை வழங்கிகள் உலகின் பல இடங்களில் இருந்தன. ஒவ்வொன்றும் மற்றதன் நகல். ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்று கருதியிருந்தனர். ஆனால் அவை அனைத்தும் ஒரே வலையில் இணைந்திருந்தமையால் அனைத்தும் ஒருங்கே அழிந்தன. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நேர்ந்தபோது அங்கே மின்தடை. அவ்வழங்கி வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. இணையத்தின் வேகம் போதாமையால், அத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு விமானத்தில் சென்று சேர்த்தனர். 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் பத்து நாள்களில் மீண்டும் நிறுவ நேர்ந்ததாக நிறுவனத்தின் தலைவர் பின்னர்க் கூறினார்.

இணைந்திருக்கும் நகல் காப்புநகல் ஆகாது என்பதை இதனைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி வேறில்லை. மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் என்பது கணினித்துறையினர் கூறும் நடைமுறை. திருப்பூரின் சிறு அலுவலகம் ஒன்றுக்கு இதன் பொருள் மிக எளிது: மேசையின் மீதுள்ள கணினியில் ஒன்று, மாலையில் நகலெடுத்தபின் கழற்றிவைக்கும் புற வன்தட்டில் ஒன்று, மேகக்கணிமையில் ஒன்று. கழற்ற மறந்து, செருகியபடியே விட்டுவிட்ட வன்தட்டைத் தீநிரல் தானும் ஒரு கணினியாகவே காணும்.

விரல் ரேகையும் சனிக்கிழமைச் சம்பளமும்

நிறுவனத்தின் தரவுகளுள் ஒரு பகுதி துணியைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தோர் திருப்பூரில் உழைக்கின்றனர். அவர்களின் வருகையை விரல் ரேகைக் கருவி பதிகிறது. சாயமும் காரமும் தொட்டுத் தேய்ந்த விரலைக் கருவி அடையாளம் காண மறுப்பதும் உண்டு. அப்போது கூடத்தில் நிற்கும் மனிதர் கணக்கில் வராதவர் ஆகிறார். அதனைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது தொழில்நுட்பக் கேள்வி அன்று. ஒன்றரை ஷிப்டுக்கான கூலியைப் பற்றிய கேள்வி.

2014இல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு பன்னிரண்டு இலக்கப் பொதுக் கணக்கு எண்ணை அறிமுகப்படுத்தியது. கம்பெனி மாறினாலும் எண் மாறாது. அடிக்கடி இடம் மாறும் பின்னலாடைத் தொழிலாளருக்கு இது பெரும் பயன். ஆயின், ஒடியா மொழிப் பெயரை ஆங்கில எழுத்தில் பதியும்போது ஓரெழுத்து பிறழ்ந்தால், ஆதாரில் ஒருவர், நிதிக் கணக்கில் மற்றொருவர் என்று ஆகிவிடுகிறது. பல ஆண்டுச் சேமிப்பு அந்த ஓரெழுத்துக்காகக் காத்து நிற்கும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திருத்தக் கோரும் உரிமையை உரியவருக்கு வழங்குகிறது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அதில் இடமுண்டு.

பீஸ் ரேட்டுக்குத் தைப்போர் தாம் முடித்த கட்டுகளின் எண்ணிக்கையைச் சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வதுண்டு. சனிக்கிழமை மாலை, சம்பளக் கணக்கைத் திரையில் காட்டும்போது குறிப்பேட்டையும் விரிக்கின்றனர். இரண்டும் ஒத்திருந்தால் கையொப்பம். இல்லையெனில், அந்த வாரத்துக் கட்டுச் சீட்டுகளை எடுத்துவரச் சொல்லி, ஒன்றிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்குகின்றனர்.